கஷ்டத்துலயும் சந்தேகத்துலயும் ஆண்டவரோட ஆளுகையை எப்படி பிடிச்சுக்கிறது

நம்ம பர்மாவுல ரங்கூன், பகோ, தாட்டோன், மோல்மீன்னு எங்க போனாலும் நம்ம தமிழ் சபை ஜனங்க வாய்ல இப்ப ஒரே கேள்விதான், கர்த்தர் ராஜரிகம் பண்றார்னு ஞாயித்துக்கிழமை பாடிட்டு வர்றோமே, அப்புறம் ஏன் நமக்கு ஒன்னு முடியறதுக்குள்ள இன்னொன்னு வருது. கொரோனா வந்துச்சு, 2021 பிப்ரவரில ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுது, 2024ல கட்டாய ராணுவ சேவைன்னு சொன்னதும் வயசுப் பசங்க இருக்கற வீட்டுல தூக்கமே போச்சு, 2025 மார்ச்ல பூமியே ஆடிடுச்சு. இதுக்கு நடுவுல அவங்கவங்க வீட்டு வியாதி, சாவு, கடன், தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ போன பிள்ளைகிட்டேர்ந்து போன் வராத ராத்திரி. விசுவாசமா இருங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, எப்படி இருக்கறதுன்னு யாரும் சொல்லித்தர மாட்டேங்கறாங்க. அதைத்தான் இங்க சொல்லப்போறேன், நிதானமா படிங்க.

முதல்ல சாப்பிடுங்க, தூங்குங்க. இதை ஆவிக்குரிய விஷயம் இல்லைன்னு நினைக்காதீங்க. எலியா சூரைச்செடிக்கு கீழ உக்காந்து போதும் கர்த்தாவே என் ஆத்துமாவை எடுத்துக்கோன்னு கேட்டப்ப தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணல, தழலில் சுட்ட அடையும் தண்ணியும் வச்சு எழுப்பிவிட்டான், அவர் சாப்பிட்டு மறுபடி படுத்தாரு, மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிட வச்சான். நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்னு சொன்னது ரெண்டாவது தடவ சாப்பிட எழுப்பினப்பதான். ரெண்டு நாள் தூங்காத மனுஷனுக்கு ஆண்டவர் தூரமாத்தான் தெரிவார், அந்த நிலையில உங்க விசுவாசத்தை எடை போடாதீங்க. செத்துடலாம்னு எண்ணம் வந்துகிட்டே இருந்தா ஜெபம் மட்டும் போதும்னு ஒதுங்கி இருக்காதீங்க, அன்னைக்கே ஒருத்தர்கிட்ட வாயத் திறந்து சொல்லுங்க, டாக்டர்கிட்ட போங்க, தனியா படுக்காதீங்க. டாக்டரும் மருந்தும் அவர் கையில இருக்கறதுதான்.

அடுத்தது, காரணம் தேடுற வேலையை நிறுத்துங்க. இதுல எனக்கு கண்டிப்பான கருத்து இருக்கு, ஏன்னா இதுலதான் நம்ம ஜனங்க ரொம்ப காயப்படறாங்க. 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை மத்தியானம் 7.7 அளவுல மண்டலே, சகாயிங் பக்கம் ஆடினப்ப அது ரம்ஜான் மாசத்து வெள்ளிக்கிழமை தொழுகை நேரம், மசூதிக்குள்ளயே எத்தனையோ பேர் செத்தாங்க. மண்டலேல பரீட்சை எழுத உக்காந்திருந்த பிக்குங்க மேல மடம் இடிஞ்சு விழுந்துச்சு. சர்ச்சுங்களும் விரிசல் விட்டுச்சு, விழுந்துச்சு. மொத்தம் 3000 பேருக்கு மேல போயிட்டாங்க. அந்த வாரமே சிலபேர் போன்ல வாய்ஸ் அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க, இது இன்னாரோட பாவத்துக்கு தண்டனைன்னு. நாட்டுக்கு நடுவுல வடக்கு தெற்கா ஓடுற சகாயிங் பிளவுல ரெண்டு பக்கத்து பூமியும் எதிரெதிரா நகர்ந்துகிட்டே இருக்கு, வருஷக்கணக்கா சேர்ந்த இறுக்கம் ஒரு நாள் விட்டுடுது, மேல இருக்கறவங்க எந்த மதம்னு அது பாக்கறதில்ல. லூக்கா 13ல ஆண்டவரே இதைப் பேசியிருக்காரு. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தாங்களே, அவங்க எருசலேம்ல இருந்த மத்த எல்லாரையும் விட பெரிய குற்றவாளிங்கன்னு நினைக்கிறீங்களான்னு கேட்டுட்டு, அப்படி இல்லைன்னு அவரே பதிலும் சொல்றாரு. பிறவிக்குருடனைக் காட்டி இவன் செய்த பாவமா, பெத்தவங்க செய்த பாவமான்னு சீஷர்கள் கேட்டப்பவும் ரெண்டும் இல்லைன்னாரு. அவர் சொல்லாத காரணத்தை நாம அவர் பேர்ல சொல்லக்கூடாது, செத்தவங்க விஷயத்துல சொல்லக்கூடாது, உங்க விஷயத்துல உங்களுக்கு நீங்களே சொல்லிக்கவும் கூடாது.

அப்ப அவர் ஆளுறார்னு நம்பறதால என்ன பிரயோஜனம்னு கேப்பீங்க. முறையிட ஒரு இடம் இருக்குங்கறதுதான் பிரயோஜனம். அதிகாரம் இல்லாதவன்கிட்ட யாரும் மனு கொண்டுபோய் நிக்கறதில்ல. இந்த உலகத்துக்கு யாரும் பொறுப்பு இல்லைன்னா நம்ம அழுகை காத்துல போற சத்தம்தான், அவர் பொறுப்புன்னு நம்பறவன்தான் ஏன் கர்த்தாவேன்னு அவர் முகத்தைப் பாத்து கேக்க முடியும். அதனால கேள்வி கேக்கறது விசுவாசக்குறைவுன்னு பயப்படாதீங்க. 150 சங்கீதத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இந்த மாதிரி முறையீடுதான்.

எப்படி முறையிடுறதுன்னா 13ம் சங்கீதத்தை எடுங்க, 6 வசனம்தான், மனப்பாடமே பண்ணிடலாம். தாவீது முதல் ரெண்டு வசனத்துலயே எதுவரைக்கும் எதுவரைக்கும்னு 4 தடவ கேக்கறாரு. அப்புறம் எனக்கு இது வேணும்னு நேரா கேக்கறாரு, என்னை நோக்கிப் பாரும், எனக்கு செவிகொடும். கடைசியிலதான் உம்ம கிருபையை நம்பியிருக்கேன்னு வர்றாரு. இதே வரிசையில நீங்க உங்க சொந்த வார்த்தையில ஒரு நோட்டுல எழுதுங்க, அழகா இருக்கணும்னு இல்ல, பைபிள் தமிழ்ல இருக்கணும்னும் இல்ல. ஆண்டவரே என் மகன் போய் மாசக்கணக்காச்சு, உயிரோட இருக்கானான்னு தெரியல, நீங்க பாத்துகிட்டுதானே இருக்கீங்க, இன்னும் எத்தனை நாளுக்கு எனக்கு இந்த நெஞ்செரிச்சல், அவன் குரலை ஒருதரம் கேக்க வைங்க, நீங்க கைவிட மாட்டீங்கன்னு எங்கம்மா சொல்லிக்கொடுத்ததை இன்னைக்கும் பிடிச்சுகிட்டுதான் இருக்கேன், இப்படி எழுதினா போதும். கடைசி வரி எழுத வரலைன்னா விட்டுடுங்க, பொய்யா எழுதாதீங்க. 88ம் சங்கீதம் நல்ல முடிவே இல்லாம முடியுது, சிநேகிதன் தோழன் எல்லாரையும் எனக்கு தூரமாக்கிட்டீங்கன்னு சொல்லிட்டு அப்படியே நின்னுடுது, அதையும் பரிசுத்த ஆவியானவர் வேதத்துல வச்சிருக்காரு. இந்த நோட்டை யாருக்கும் காட்டவேண்டாம், சாட்சி நேரத்துல வாசிக்கவும் வேண்டாம்.

சந்தேகம் வந்தா என்ன பண்றது. யோவான்ஸ்நானனைப் பாருங்க, யோர்தான்ல நின்னு இதோ தேவ ஆட்டுக்குட்டின்னு கை நீட்டிக் காட்டினவரு, ஜெயிலுக்குள்ள போனதும் வருகிறவர் நீர்தானா இல்ல வேறொருத்தருக்கு காத்திருக்கணுமான்னு ஆள் அனுப்பிக் கேட்டாரு. இயேசு கோவிக்கல, நீங்க கேக்கறதையும் பாக்கறதையும் போய் சொல்லுங்கன்னு அனுப்பிட்டு ஜனங்ககிட்ட திரும்பி அவரைவிட பெரியவன் எழும்பினதில்லைன்னு சொன்னாரு. யோவான் பண்ணதுல ஒன்னை கவனிங்க, சந்தேகத்தை அவர் அனுப்பினது இயேசுகிட்டயேதான். மாற்கு 9ல பிள்ளையைக் கூட்டிட்டு வந்த தகப்பனும் அப்படித்தான், விசுவாசிக்கிறேன் ஆண்டவரே என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்னு ஒரே மூச்சுல ரெண்டையும் சொன்னாரு, பிள்ளை சுகமாச்சு. நாள் பூரா வேற ஜெபமே வரலைன்னா இந்த ஒரு வரியை சொல்லிகிட்டே சமையல் பண்ணுங்க, பஸ்ல போங்க.

நம்ம நாட்டுலயே நடந்த ஒன்னை இங்க சொல்லணும், முன்னேயெல்லாம் இதை பாதியில நிறுத்திதான் நமக்கு சொன்னாங்க. அதோனிராம் ஜட்சன்ங்கற அமெரிக்க மிஷனரி 1813ல ரங்கூன் வந்தாரு, முதல் பர்மிய விசுவாசி ஞானஸ்நானம் எடுக்க 6 வருஷம் ஆச்சு. 1824ல இங்கிலீஷ்காரன் கூட யுத்தம் வந்ததும் உளவாளின்னு சந்தேகப்பட்டு அவரை அப்ப தலைநகரா இருந்த ஆவாவுல ஜெயில்ல போட்டாங்க, கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் விலங்கோட கிடந்தாரு, பைபிள் மொழிபெயர்ப்பு பேப்பரையெல்லாம் மனைவி ஆன் தலகாணிக்குள்ள தச்சு வச்சு காப்பாத்தினாங்க. வெளிய வந்தாரு, இதோட நம்ம ஆளுங்க கதையை ஆமென் போட்டு முடிச்சுடுவாங்க. ஆனா 1826 அக்டோபர்ல ஆன் செத்துட்டாங்க, ஆறு மாசத்துல கைக்குழந்தை மரியாவும் போயிடுச்சு. அப்புறம் அவர் மோல்மீன் பக்கம் காட்டுல குடிசை போட்டு தனியா உக்காந்தாரு, தனக்கே ஒரு குழி வெட்டி அது பக்கத்துல உக்காந்து சாவை யோசிச்சுகிட்டு இருந்தாரு. ஆன் செத்து மூணாவது வருஷம் எழுதின கடுதாசில தேவன் எனக்கு அறியமுடியாதவரா இருக்காரு, நம்பறேன் ஆனா காணமுடியலைன்னு எழுதினாரு. இன்னைக்கும் பர்மிய சபைங்க கையில வச்சிருக்கற பைபிள் இவர் மொழிபெயர்த்தது, அதை அவர் முடிச்சது 1834ல, அந்த இருட்டுக்கு அப்பறம். காணமுடியலைன்னு எழுதின அதே மனுஷனை ஆண்டவர் விட்டுடல. மெல்ல மெல்லத்தான் எழுந்தாரு, உங்களுக்கும் நாள் ஆகலாம், அதுக்காக யாரும் உங்களை அவசரப்படுத்த விடாதீங்க.

மனுஷன் பண்ண கெடுதலால வந்த கஷ்டம்னா அது இன்னும் வேற மாதிரி வலிக்கும். அதை எல்லாம் கர்த்தரோட சித்தம்னு ஒரே வார்த்தையில மூடிடாதீங்க, அநியாயத்தை அநியாயம்னே சொல்லுங்க. யோசேப்பு அண்ணன்மாரைப் பாத்து நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்னு முதல்ல சொல்லிட்டுதான் தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்னு சொல்றாரு, ரெண்டு பாதியும் வேணும். அந்த வசனம் எப்ப வருதுன்னும் பாருங்க. அவரை வித்தப்ப 17 வயசு, பார்வோன் முன்னால நின்னப்ப 30, ஏழு வருஷ விளைச்சலும் ரெண்டு வருஷ பஞ்சமும் போய் அப்பாவைப் பாக்கும்போது 39, யாக்கோபு எகிப்துல 17 வருஷம் இருந்து செத்ததுக்கு அப்புறம் சொன்ன வார்த்தை இது, அப்ப 56. வித்த நாள்லேர்ந்து 39 வருஷம் கழிச்சு. குழிக்குள்ள கிடந்தப்ப அவர் இதை சொன்னதா வேதத்துல இல்ல, குழியில அவர் கெஞ்சினாருன்னுதான் அண்ணன்மாரே பின்னால ஒத்துக்கறாங்க. அதனால எழவு வீட்டுல மூணாம் நாளே சகலமும் நன்மைக்கு ஏதுவா நடக்கும்ங்கற ரோமர் 8:28 சொல்லி கண்ணத் துடைக்கச் சொல்றவங்களை நீங்க கேக்கணும்னு கட்டாயம் இல்ல, அந்த வசனம் சத்தியம்தான், அதை உங்க வாழ்க்கையில நீங்களே கண்டு சொல்ற நாள் வரும்வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் நடுவுல அவரை நல்லவர்னு எதை வச்சு நம்பறதுன்னு கேட்டா எனக்கு தெரிஞ்ச ஒரே இடம் சிலுவைதான். கெத்செமனேல இந்த பாத்திரம் நீங்கட்டும்னு அவரும் கேட்டாரு, நீங்கல. லாசருவை எழுப்பப்போறோம்னு தெரிஞ்சும் கல்லறைகிட்ட நின்னு அழுதாரு. தூரமா சிங்காசனத்துல உக்காந்து ஆளுறவர் மட்டும்னா எனக்கும் பயமாத்தான் இருக்கும், ஆணி வாங்கின கைதான் ஆளுதுன்னு தெரியறப்ப புரியாததையும் அந்த கையில விட முடியுது. புரியல, ஆனா அந்த கையை எனக்கு தெரியும், அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.

உங்க வீட்டு பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வைக்கற வேலை ஒன்னு இருக்கு, தள்ளிப்போடாதீங்க. 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப நம்ம ஜனங்க லட்சக்கணக்குல கால்நடையா இந்தியாவுக்கு நடந்தாங்க, தாமு வழியா மணிப்பூர் பக்கம் போனவங்க எத்தனையோ பேர் காலராவுலயும் பசியிலயும் வழியிலயே விழுந்தாங்க. 1964ல கடையையெல்லாம் தேசியமயமாக்கி 50, 100 சாட் நோட்டு செல்லாதுன்னதும் மெட்ராஸ் கப்பல்ல கையில ஒன்னும் இல்லாம ஏறினாங்க, சிலபேர் இங்கேயே தங்கினாங்க, சிலபேர் எல்லையில மோரேல போய் நின்னுட்டாங்க. அந்த நேரத்துல பாட்டி எப்படி ஜெபம் பண்ணாங்க, எப்ப ஜெபத்தை நிறுத்தினாங்க, எப்படி திரும்ப ஆரம்பிச்சாங்கன்னு கேளுங்க, பதில் கிடைக்காத ஜெபத்தையும் சேத்து எழுதுங்க. 77ம் சங்கீதத்துல ஆசாப் தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோன்னு கேட்டுட்டு உடனே பழைய நாட்களை நினைக்கத்தான் போறாரு. நம்ம பழைய நாட்கள் அச்சுல இல்ல, பெரியவங்க வாய்லதான் இருக்கு.

சபைக்கு போறதை விடாதீங்க. பாட முடியலைன்னா பாடவேண்டாம், பின்னால உக்காருங்க, மத்தவங்க பாடட்டும், அன்னைக்கு அவங்க விசுவாசம் உங்களையும் சேத்து சுமக்கும். ஆனா கஷ்ட காலத்துல காணிக்கை விதைச்சா வியாதி போகும், விசா வரும்னு ஆன்லைன்ல பேசறவங்ககிட்ட மட்டும் மாட்டிக்காதீங்க, ஆண்டவர் ஆளுகையை யாரும் காசுக்கு விக்க முடியாது.

கஷ்டத்துல இருக்கறது நீங்க இல்ல, பக்கத்து வீட்டு அக்கான்னா, யோபுவோட சிநேகிதங்க முதல்ல பண்ணதை பண்ணுங்க. 7 நாள் ராவும் பகலும் அவரோட தரையில பேசாம உக்காந்திருந்தாங்க, அதுவரைக்கும் நல்லா இருந்துச்சு, வாயத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பிச்ச பிறகுதான் கெட்டுச்சு, கடைசியில ஆண்டவர் கோவிச்சது அவங்க மேலதான். சோறாக்கி எடுத்துட்டு போங்க, கரண்டு இல்லாத நேரத்துல அவங்க போனை சார்ஜ் போட்டு குடுங்க, ஆஸ்பத்திரிக்கு கூட போங்க, பிள்ளைங்களை ஒரு மத்தியானம் பாத்துக்கோங்க. செத்தவங்க பேரை சொல்லி பேசுங்க, பேச்சை மாத்தாதீங்க. அடக்கத்தன்னைக்கு தேதியை குறிச்சு வச்சுகிட்டு அடுத்த வருஷம் அதே நாள்ல போன் பண்ணுங்க, அதுக்குள்ள எல்லாரும் மறந்திருப்பாங்க. லைன் கிடைக்கலைன்னா நேர்ல போயிடுங்க.