சென்ட்ரல் லைன் போடும்போது ஊசி நுனியைத் தொலைக்காதீர்கள்

ஐசியூவில் புதிதாகச் சேர்ந்து, சென்ட்ரல் லைன் (கழுத்தின் பெரிய சிரை வழியாகச் செலுத்தும் மெல்லிய குழாய்) போடப்போகும் டாக்டர்களுக்காக இது. கழுத்துத் தசையின் இரு பிரிவுகளுக்கு நடுவே உள்ள முக்கோணத்தைத் தொட்டுப் பார்த்து, அதே பக்க மார்புக்காம்பை நோக்கி ஊசியைச் செலுத்துவது பழைய முறை. அதையும் கற்றுக்கொள்ளுங்கள், மெஷின் கிடைக்காத இரவு வரும். ஆனால் அல்ட்ராசவுண்ட் பக்கத்தில் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2002-லேயே இதைப் பரிந்துரைத்துவிட்டது.

ப்ரோபை, அதாவது அல்ட்ராசவுண்டில் தோல்மேல் வைக்கும் கருவியை, லேசாக அழுத்துங்கள். அமுங்கி மூடிக்கொள்வது சிரை. துடித்தபடி வட்டமாக நிற்பது தமனி. அப்புறம் கையைத் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் சிரை மூடியே கிடக்கும். நோயாளியின் தலையை அதிகம் திருப்பவும் வேண்டாம். சிரை தமனியின் மேல் ஏறிக்கொள்ளும்.

பலரும் தவறுவது இங்கேதான்: திரையின் குறுக்குவெட்டுப் படத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளி ஊசியின் நுனி என்று நம்பிவிடுகிறோம். அது ஊசியின் நடுப்பகுதியாகவும் இருக்கலாம். நுனி அதற்குள் சிரையின் பின்சுவரைத் துளைத்துத் தமனியைத் தொட்டிருக்கும். ப்ரோபை மெல்ல முன்னே நகர்த்துங்கள், புள்ளி மறைகிற இடத்தில்தான் நுனி இருக்கிறது. கைடுவயர் (ஊசி வழியே விடும் வழிகாட்டிக் கம்பி) சிரைக்குள் இருப்பதைத் திரையில் பார்த்த பிறகே, துளையை அகலமாக்கும் டைலேட்டரைக் கையில் எடுங்கள்.