கொழும்பின் பழைய முகம் பார்க்க ஒரு காலை

ஞாயிறு காலை ஏழு மணிக்கே புறக்கோட்டையில் இறங்கிவிடுங்கள். மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் வண்டில் நெரிசல் இராது. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும், 1909இல் கட்டி முடித்த பள்ளிவாசலை எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று அண்ணாந்து பாருங்கள்.

பிறகு மேட்டில் ஏறினால் ஒல்லாந்தர் 1757இல் திறந்த வொல்வெண்டால் தேவாலயம். ஆராதனை நடந்தால் முடியும்வரை பொறுங்கள்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கு மட்டும் ஒரு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் எழுப்பியது. அம்மா என்னை முதலில் கூட்டிப்போனபோது தூணில் கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார். வெளியே வெயில் கொளுத்தியது, கல் குளிர்ந்திருந்தது. உள்ளே இருள், எண்ணெய் மணம், விளக்குகள். படம் எடுக்காதீர்கள், சும்மா இருந்து பாருங்கள்.