கப்பல் பாரில் ஒரு கிளாஸ் எவ்வளவு, டிப்ஸ் எவ்வளவு? முதல் முறை போகிறவர்களுக்கு

காரைக்குடியிலிருந்து அயித்தான் (அத்தான்) ஒருவர் போன் செய்தார். அவருக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்து, பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் நாலு ராத்திரிக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். விசா, திருச்சி விமானம், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் மனைவிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "ஆச்சி பக்கத்துலதான் இருக்கா. அங்கே ஒரு பெக் எவ்வளவு வரும்? கொடுக்கிறவனுக்குத் தனியாக் காசு கொடுக்கணுமா?"

இந்தக் கேள்வி எனக்கு இதுவரை ஐந்தாறு பேரிடமிருந்து வந்துவிட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். குடிக்காதவர்களும் படிக்கலாம். கோக், மாக்டெயில் (மது இல்லாத கலவைப் பானம்), பாட்டில் தண்ணீர் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

படி 1: கப்பலில் எந்தக் காசு என்று முதலில் கேளுங்கள்

கப்பலுக்குள் ரொக்கம் கொடுத்து எதையும் வாங்க முடியாது. ஏறும்போது அறைச் சாவியாகவும் பயன்படும் ஒரு அட்டை கொடுப்பார்கள். பாரில் அதை நீட்டினால் போதும், எல்லாம் உங்கள் பெயரில் பற்று விழும். கடைசி நாள் மொத்தமாக உங்கள் கிரெடிட் கார்டில் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் மளிகைக் கடையில் சிட்டை வைத்து வாங்கியதுபோலத்தான். சிட்டையில் வாங்கும்போது கை தாராளமாகிவிடும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல்களில் சிலவற்றில் அமெரிக்க டாலர், சிலவற்றில் சிங்கப்பூர் டாலர். விலைப்பட்டியலில் வெறும் டாலர் குறி மட்டும் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை, ஏறும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

டெபிட் கார்டையோ ஃபாரெக்ஸ் கார்டையோ (வெளிநாட்டுப் பணம் முன்கூட்டியே ஏற்றிய கார்டு) கொடுக்காதீர்கள். உத்தேசமாக ஒரு தொகையை முன்கூட்டியே முடக்கி வைப்பார்கள். ஊர் திரும்பிய பிறகும் அது விடுபடச் சில நாள் ஆகலாம். கிரெடிட் கார்டுதான் நல்லது. ஆனால் நம்மூர் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை கட்டணம் உண்டு, அந்தக் கட்டணத்துக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. "ரூபாயிலேயே எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் போடும் மாற்று விலை நமக்குக் கட்டுப்படியாகாது.

படி 2: பட்டியலில் இருப்பது விலை அல்ல

இதுதான் முக்கியமான படி. பாரில் அச்சடித்திருக்கும் விலையோடு சேவைக் கட்டணம் தானாகச் சேரும். பல அமெரிக்கக் கப்பல் நிறுவனங்களில் இது 18 சதவீதம். நார்வீஜியன், செலிபிரிட்டி போன்றவற்றில் 20. அதாவது டிப்ஸை நீங்கள் கொடுக்கும் முன்பே அவர்கள் எடுத்துக்கொண்டாகிவிட்டது. வியாபாரத்தில் கோயிலுக்கு மகமை பிடிப்பார்களே, அதுபோல. யாரும் கேட்பதில்லை, யாரும் மறுப்பதும் இல்லை, கணக்கில் ஒரு வரியாக ஏறிவிடும்.

ஏறக்குறைய விலை என்ன? பெரிய கப்பல்களில் பீர் 7 முதல் 9 அமெரிக்க டாலர், காக்டெயில் 12 முதல் 15, ஒரு கிளாஸ் ஒயின் 10 முதல் 15, மாக்டெயில் 6 முதல் 9, கோக் 3 அல்லது 4 டாலர்.

12 டாலர் காக்டெயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 18 சதவீதம் என்றால் 2.16. மொத்தம் 14.16. கணக்குக்கு வசதியாக டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 1,274 ரூபாய். கார்டுக் கட்டணம் 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்த்தால் 1,327. பட்டியலில் 12 என்று பார்த்து மனசுக்குள் 1,080 என்று பெருக்கியவருக்கு ஒரு கிளாஸில் ஏறக்குறைய 250 ரூபாய் துண்டு விழுகிறது. டாஸ்மாக் விலையோடு ஒப்பிடவே வேண்டாம், தூக்கம் போய்விடும்.

ஒரு சின்னக் குறிப்பு. அங்கே விஸ்கி கேட்டால் 30, 60 என்று அளக்கமாட்டார்கள். ஒரு ஊற்று ஏறக்குறைய 40 மில்லி இருக்கும், நம் ஸ்மாலுக்கும் லார்ஜுக்கும் நடுவில். லார்ஜ் என்ற நினைப்பில் 'டபுள்' என்று சொன்னால் அளவும் ஏறும், பில்லும் ஏறும்.

காசு இல்லாமல் கிடைப்பவை: பஃபேயில் தண்ணீர், காப்பி, டீ, காலையில் ஜூஸ். அறையில் அழகாக வைத்திருக்கும் தண்ணீர் பாட்டில் அப்படியல்ல. அதன் கழுத்தில் ஒரு சின்ன அட்டை தொங்கும், அதில்தான் விலை இருக்கும். நாங்கள் போனபோது அதைத் திறந்தது ஆத்தா, என் அம்மா. மாத்திரை போட ஒரு மடக்கு. 5 டாலர்.

படி 3: பேக்கேஜ் எடுக்கலாமா?

ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு வேண்டியதைக் குடிக்கலாம் என்பதுதான் பேக்கேஜ். கேட்கும்போதே நாக்கில் எச்சில் ஊறும். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மது பேக்கேஜ் நாளுக்கு 70 டாலர் என்று வையுங்கள். அதற்கும் 18 சதவீதம் சேரும், 82.60. நம் 12 டாலர் காக்டெயில் எல்லாம் சேர்ந்து 14.16. ஆக, ஒரு நாளைக்கு ஆறு காக்டெயில் குடித்தால்தான் கட்டிய காசு திரும்பும். ஒரு நாள் மட்டுமல்ல, எல்லா நாளும். கப்பல் துறைமுகத்தில் நின்று நீங்கள் ஊர் சுற்றப் போன நாளும் சேர்த்து.

அடுத்த சிக்கல், ராயல் கரீபியன், கார்னிவல் நிறுவனங்கள் இரண்டிலும் ஒரே அறையில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் மது பேக்கேஜ் எடுத்தால் மற்றவரும் எடுக்க வேண்டும். அயித்தானுக்கு ஆசை, ஆச்சிக்கோ வாசனையே ஆகாது. இருந்தாலும் இரண்டு பேருக்கும் பணம். நாலு ராத்திரிக்கு 660.80 டாலர், 90 ரூபாய்க் கணக்கில் 59,472 ரூபாய். ஆச்சி அதில் குடிக்கப்போவது ஆரஞ்சு ஜூஸ். உடல்நிலை, மத காரணங்களைச் சொல்லி நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசினால் மற்றவருக்கு மது இல்லாத மலிவான பேக்கேஜ் போட்டுத் தருவதுண்டு. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஒருவர் வாங்கி இருவர் குடிப்பதும் நடக்காது. அட்டையைத் தட்டியதும் திரையில் உங்கள் படம் வரும். ஒரு நேரத்தில் ஒரு கிளாஸ்தான். கார்னிவலில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானம் என்று உச்சவரம்பும் உண்டு (அந்த வரம்பைத் தொடுகிற ஆள் எங்கள் பக்கத்தில் இருந்தால் அவரைக் கப்பலில் ஏற்றாமல் இருப்பதே நல்லது). ராயல் கரீபியன் பேக்கேஜில் 14 டாலர் வரை உள்ள பானங்கள்தான் அடக்கம். அதற்கு மேலே உள்ள தொகையைத் தனியாகக் கட்ட வேண்டும்.

மாலையில் இரண்டு பீர் போதும் என்கிறவர் பேக்கேஜ் பக்கமே போக வேண்டாம். 8 டாலர் பீர் கட்டணத்தோடு 9.44. நாலு நாளுக்கு எட்டு பீர், 75.52 டாலர். பேக்கேஜோ ஒருவருக்கு 330.40. எடுத்தே தீருவேன் என்றால் கப்பல் கிளம்பும் முன்பே இணையத்தில் எடுங்கள். கப்பலில் ஏறிய பிறகு பெரும்பாலும் விலை கூடும்.

படி 4: சீட்டில் கையெழுத்துப் போடும்போது

இங்கேதான் நான் ஏமாந்தேன். ஏமாற்றியது வேறு யாருமில்லை, நானேதான்.

அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) எழுபது முடிந்து பீமரத சாந்தி செய்த வருஷம் அது. கப்பலில் முதல் நாள் மாலை பாரில் உட்கார்ந்தேன். பையன் சிரித்த முகத்தோடு ஒரு சீட்டை நீட்டினான். பானத்தின் பெயர், விலை, ஏதோ ஒரு கட்டணம், மொத்தம். அதற்குக் கீழே ஒரு காலிக் கோடு, பக்கத்தில் கூடுதல் டிப்ஸ் என்று. காலிக் கோட்டைப் பார்த்ததும் கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. 3 டாலர் என்று எழுதினேன். அப்புறம் ஒவ்வொரு சீட்டிலும் அதே 3.

மூன்றாம் நாள் அப்பச்சி என் சட்டைப்பையில் இருந்த சீட்டுகளை எடுத்து மேஜையில் வரிசையாக அடுக்கினார். துணிக்கடைக் கணக்கில் நாற்பது வருஷம் இருந்தவர்.

"என்னப்பா, ஒரே ஆளுக்கு ரெண்டு இடத்துல பற்று எழுதியிருக்கே?"

அப்போதுதான் மேலே இருந்த அந்தக் 'கட்டணம்' என்ற வரியைப் படித்தேன். 11 சீட்டு, 33 டாலர். பிடித்த மகமைக்கு மேல் இன்னொரு மகமை.

ஆகவே சீட்டு வந்ததும் இப்படிச் செய்யுங்கள். முதலில் சேவைக் கட்டண வரியைத் தேடுங்கள். இருந்தால் கூடுதல் டிப்ஸ் கோட்டின் மேல் ஒரு கோடு கிழித்துவிட்டு, மொத்தத்தைத் திரும்ப எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். திரையில் கேட்டால் சுழியத்தைத் தொடுங்கள். பையன் முகம் கோணமாட்டான். அவனுக்கு அது பழக்கம். பேக்கேஜ் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான், டிப்ஸ் முன்பே கட்டியாகிவிட்டது.

படி 5: இன்னொரு டிப்ஸும் இருக்கிறது, அது வேறு

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தினசரி டிப்ஸ் என்று தனியாகப் போடுவார்கள். இது அறையைச் சுத்தம் செய்பவருக்கும் சாப்பாட்டு மேஜைக்காரருக்கும் போவது, பார்க்காரருக்கு இல்லை. பெரும்பாலும் குழந்தைகளுக்கும் உண்டு. 18 டாலர் என்று வைத்தால் நாலு பேர் குடும்பத்துக்கு நாலு ராத்திரியில் 288 டாலர். ஒரு சொட்டுக் குடிக்காத குடும்பத்துக்கும் இது வரும் என்பதால் டிக்கெட் போடும்போதே சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கப்பல் அலுவலக மேஜையில் சொல்லிப் பல நிறுவனங்களில் இதைக் குறைக்கவும் முடியும். முடியும் என்பதற்காகச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆறிலிருந்து ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வீட்டைப் பிரிந்து வேலை செய்கிறவர்கள் அவர்கள். எங்கள் ஐயாவும் (தாத்தா) ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். பெட்டியடிப் பையனாக (கடையில் எடுபிடிப் பையனாக) தொடங்கி மூன்று வருஷம் கழித்துத்தான் ஊர் முகம் பார்த்தாராம்.

படி 6: மனசார எப்போது, எவ்வளவு?

18 சதவீதம் போன பிறகும் கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள், கட்டாயமில்லை. சீட்டில் எழுதாமல் கையில் கொடுப்பதே மேல். ஊரிலிருந்தே 1 டாலர், 5 டாலர் தாள்களாகக் கொஞ்சம் மாற்றி வந்துவிடுங்கள், நூறு டாலர் தாளை வைத்துக்கொண்டு டிப்ஸ் கொடுக்க முடியாது. கிளாஸுக்கு 1 டாலர் என்பது சிலர் வழக்கம். நான் இப்போது செய்வது வேறு: நாலு நாளும் ஒரே பாருக்குப் போவது, முதல் நாள் 5 டாலர், கடைசி நாள் 10 டாலர். இரண்டாம் நாளே நம் பெயரும் நாம் கேட்கும் பானமும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆத்தாவுக்கு ஐஸ் இல்லாமல், சர்க்கரை குறைத்து எலுமிச்சை சோடா கேட்காமலே வந்தது.

பயணம் முடிந்ததும் கருத்துக் கேட்டு மின்னஞ்சல் வரும். அதில் நன்றாகக் கவனித்தவரின் பெயரை எழுதுங்கள். பெயர்ப் பட்டை சட்டையிலேயே இருக்கும், மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேலையில் அதற்கு மதிப்பு உண்டு.

படி 7: ராத்திரி படுக்கும் முன் கணக்கு

கப்பலின் செயலியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ அன்றன்றைய பற்று தெரியும். தினமும் பாருங்கள், சீட்டுகளோடு ஒத்துப் பாருங்கள். நீங்கள் வாங்காத ஒன்று இருந்தால் அன்றைக்கே அலுவலக மேஜைக்குப் போங்கள். கடைசி நாள் காலையில் அங்கே நிற்கும் வரிசை, பிள்ளையார்பட்டியில் சதுர்த்தியன்று நிற்கும் வரிசைக்குச் சமம்.

நாங்கள் இறங்கும் முன் அப்பச்சி தன் பாக்கெட் நோட்டில் ஐந்தொகை (மொத்த வரவு செலவுக் கணக்கு) முடித்தார். என் 33 டாலரை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கொஞ்சம் யோசித்து, 'தம்பி படிப்புச் செலவு' என்று எழுதினார்.

கப்பல் கடையில் வரியில்லாமல் வாங்கும் பாட்டிலைக் கையில் தரமாட்டார்கள், கடைசி நாளில்தான் கிடைக்கும். திருச்சியில் இறங்கும்போது ஆளுக்கு 2 லிட்டர் வரைதான் சுங்கவரி இல்லாமல் விடுவார்கள். பாட்டிலைக் கைப்பையில் வைக்காமல், துணிக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். ஆச்சியின் பட்டுச் சேலைக்கு நடுவே மட்டும் வேண்டாம்.