மையலின் புரதம் எந்த வழியாகப் போகிறது? செல்லுக்குள் எட்டிப் பார்க்க ஒரு செய்முறை

மூன்று மாதம் என்னை அலையவிட்ட சோதனை இது. எலிக்குட்டி மூளையிலிருந்து ஆலிகோடெண்ட்ரோசைட் (நரம்பிழைக்கு மையலின் என்ற உறை போடும் செல்) பிரிப்பது, கண்ணாடியில் பாலிலைசின் பூசுவது எல்லாம் உங்கள் லேபில் யாராவது சொல்லித் தருவார்கள். அதற்குப் பிறகு வருவதை மட்டும் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. மையலினின் இரண்டு முக்கியப் புரதங்களும் ஒரே பாதையில் போவதில்லை. பிஎல்பி, சவ்வை நான்கு தடவை ஊடுருவி நிற்கும் புரதம். எண்டோபிளாச வலையில் உருவாகி, கோல்கியைத் தாண்டி, சின்னச் சின்னப் பைகளில் ஏறிப் போகும். இன்னொரு புரதமான எம்பிபி கதையே வேறு. அது பசை மாதிரி, எந்தச் சவ்வு கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் செல் அதன் எம்ஆர்என்ஏவைப் பொட்டலம் கட்டி, மைக்ரோட்யூபியூல் என்ற நுண்குழாய்த் தண்டவாளத்தில் கைனெசின் என்ற இழுவைப் புரதம் இழுக்க, கிளை நுனிக்கு அனுப்பிவிடுகிறது. புரதம் தயாராவது அங்கேதான். ஆகவே எம்பிபி புரதத்துக்குச் சாயம் போட்டால் போய்ச் சேர்ந்த இடம்தான் தெரியும். பயணம் தெரிய ஆர்என்ஏவைத் தேட வேண்டும்.

படி 1: செல்லைப் பெருக வைக்கும் பிடிஜிஎஃப்-ஐ நிறுத்தி, டி3 என்ற தைராய்டு ஹார்மோன் சேர்த்து, நான்கு நாள் பொறுங்கள். கிளைகள் நன்றாகப் படர்ந்திருக்க வேண்டும்.

படி 2: ஃபிக்ஸ் செய்வது, அதாவது செல்லை இருந்த நிலையிலேயே நிறுத்துவது. நான் சறுக்கியது இங்கேதான். பழக்கதோஷத்தில் தட்டை ஐஸ் மேல் வைத்து, குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாராஃபார்மால்டிஹைடை ஊற்றினேன். மெல்லிய கிளைகள் பாதியைக் காணோம். மிச்சம் இருந்தவை பாசிமணி கோத்தது போல முடிச்சு முடிச்சாக நின்றன. ஆர்என்ஏவைத் தேடி ஒட்டும் ப்ரோப்தான் மோசம் என்று இரண்டு முறை புதிதாக வாங்கினோம், வீண் செலவு. குளிர்ந்தால் மைக்ரோட்யூபியூல் கலைந்துவிடும் என்பது பாடத்தில் படித்ததுதான், கை மறந்துவிட்டது! இப்போது 4% கரைசலை 37 டிகிரிக்குச் சூடாக்கி, கழுவாமல், மீடியத்தை உறிஞ்சியவுடனே ஊற்றுகிறேன். 15 நிமிடம் போதும்.

படி 3: 70% எத்தனாலில் ஓர் இரவு, அப்புறம் ப்ரோப். ஆர்என்ஏ ஒளிப்பொட்டாகத் தெரியும் ஒற்றை மூலக்கூறு ஃபிஷ் முறையைத்தான் நான் சொல்வேன். பழைய டிஜாக்ஸிஜெனின் முறையில் நிறம் பரவி, பொட்டு தனியாகத் தெரியாது. கான்ஃபோக்கல் நுண்ணோக்கிக்கு வரிசையில் நிற்கவும் வேண்டாம். செல் தட்டையானது, சாதாரண ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கியில் 63 எக்ஸ் ஆயில் லென்ஸே போதும்.

படி 4: கன்ட்ரோல். மைக்ரோட்யூபியூலைக் கலைக்கும் நோகோடசோல் மருந்து போட்ட கவர்ஸ்லிப் ஒன்று, ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதி போட்டது ஒன்று. முதலாவதில் பொட்டுகள் கிளைக்குள் போகாமல் செல் உடலில் தங்க வேண்டும். மருந்தைக் கிளை படரும்போதே போட்டால் கிளையே வளராது. கடைசி நாளில் போடுங்கள்.

இடையில் ஒரு சங்கதி: எம்பிபி ஆர்என்ஏவின் வால் பகுதியில் 21 எழுத்து நீளமுள்ள முகவரி ஒன்று உண்டு. ஹெச்என்ஆர்என்பி ஏ2 என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. நீங்களே ஜீன் கட்டி உள்ளே விடுவதாக இருந்தால் அந்த வாலை வெட்டிவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை: பிஎல்பி மட்டும் உட்கரு பக்கத்திலேயே புள்ளி புள்ளியாக நிற்கிறதே, சோதனை பாழா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பாழில்லை. நரம்பணு இல்லாமல் வளர்த்தால் பிஎல்பி, லைசோசோம் வகைப் பைகளில் பதுங்கிக்கொள்ளும். லைசோசோமைக் காட்டும் லேம்ப்-1 சாயத்தோடு சேர்த்துப் பாருங்கள், இரண்டும் ஒரே இடத்தில் விழும். பக்கத்தில் நரம்பணு இருந்தால் அது மேற்பரப்புக்கு வருகிறது என்று 2006-இல் காட்டினார்கள். கூட்டு வளர்ப்பிலும் கரைசல் 37 டிகிரிதான். ஆக்சானும் குளிருக்குப் பாசிமணியாகிவிடும்.