சமகால நடனத்தில் 'நம்முடையது எது' என்று தேடும்போது நேரும் தவறுகள்

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சென்னைக்குப் போய்ச் மரபு ஆட்டங்களின் கட்டுக்குள் நிற்காமல் புதிதாக அமைக்கப்படும் சமகால நடனம் பார்த்துத் திரும்புகிறவர்கள், "உடம்பை நன்றாகத்தான் வளைத்தார்கள், ஆனால் அதில் நம்முடையது என்ன இருந்தது?" என்று கேட்பதுண்டு. ஊரைவிட்டுப் பெருநகரத்துக்கு வந்தவர்களின் வாழ்க்கை, மொழி, சாதி, பெண்ணுடல் ஆகியவற்றைப் பேச வந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படிக் கேட்பது இயல்பே. ஆனால் விடை தேடும் வழியில் நாம் செய்யும் சில தவறுகள், அரங்குக்குள் உட்கார்ந்திருக்கும்போதே நம்மை வெளியே நிறுத்திவிடுகின்றன.

அவற்றுள் பெரியது, பழையதெல்லாம் நம்முடையது, புதியதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்தது என்று முன்கூட்டியே கோடு கிழித்துக்கொள்வது. சதிர் என்று அறியப்பட்ட ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் 1930களில்தான் நிலைபெற்றது; ருக்மிணி தேவி அதைக் கற்பிக்கும் கலாக்ஷேத்ராவைச் சென்னையில் தொடங்கியது 1936இல். பெயரோடு உடையும் மேடையும் மாறின, ஆடுகிறவர்களும் மாறினார்கள். தலைமுறைகளாக அதை ஆடிக் காத்த குடும்பத்துப் பெண்களில் பலர் மேடையைவிட்டு விலக நேர்ந்தது. அவர்கள் இழந்ததைச் சொல்லாமல் மரபின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

இந்தக் கோடு எவ்வளவு பொய்யானது என்பதற்கு நம் பக்கத்து ஊரே சாட்சி. கடலூருக்கு மேற்கே, கெடிலக் கரையில், தேவநாதப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் திருவந்திபுரத்திலிருந்து 1838ஆம் ஆண்டு அம்மணி என்ற இளம்பெண் உள்ளிட்ட ஐந்து நடனப் பெண்கள், இசைக்கலைஞர்களோடு பிரான்சுக்கு அழைத்துச் செல்லப்பட்டுப் பாரிஸ் மேடையில் ஆடினார்கள். எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே அவர்களைப் பார்த்து மயங்கி, அவர்களின் தோல், கூந்தல், நகை என்று ஒவ்வொன்றாக வருணித்துப் பத்திரிகையில் எழுதினார். சிற்பி ஒருவர் அம்மணிக்குச் சிறிய வெண்கலச் சிலையே வடித்தார். அந்தப் பெண்கள் தாங்கள் கண்ட பாரிஸைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை எவரும் அதே அக்கறையோடு எழுதிவைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். கோயில் நடனப் பெண்ணைப் பற்றிய ஐரோப்பியக் கற்பனை பின்னும் வளர்ந்து, 1877இல் நடன அமைப்பாளர் மாரியுஸ் பெத்திபா ரஷ்யாவில் அமைத்த 'லா பயதேர்' பாலேவிலும் இடம்பிடித்தது.

சென்னையில் பிறந்து லண்டனில் பணியாற்றும் நடன அமைப்பாளர் ஷோபனா ஜெயசிங், 2015இல் அந்தப் பாலேவையும் கோத்தியேயின் வருணனைகளையும் எடுத்துக்கொண்டு ஒரு புதிய நடனத்தை அமைத்தார். அதைப் பார்க்கிறவர் சலங்கையையும் பட்டையும் தேடினால் ஏமாந்துபோவார். ஓர் உடலை அடுத்தவர் கண் எப்படி அளக்கிறது, அப்படி அளக்கப்படும் உடல் என்னவாகிறது என்பதே அங்கே அடையாளம் பற்றிய கேள்வி. லண்டன் மேடையில் எழுந்த அந்தக் கேள்வியின் வேர் திருவந்திபுரத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதை நம்முடையது என்பதா, அவர்களுடையது என்பதா?

அடுத்த தவறு, ஒவ்வோர் அசைவுக்கும் பொருள் கேட்பது. பரதத்தில் பதம் என்ற பாடலின் பொருளை முகத்தாலும் கையாலும் காட்டும் அபிநயத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கை அசைந்தால் அது தாமரையாகவோ கடிதமாகவோ இருந்தாக வேண்டும். சென்னையின் நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985இல் 'அங்கிகா'வில் பரதத்தின் உடலையும் கேரளத் தற்காப்புக் கலையான களரிப்பயிற்றின் உடலையும் அருகருகே வைத்தபோது, தெய்வக் கதைகளை விட்டுவிட்டு உடலையே பேசுபொருளாக்கினார். 2001இல் வந்த 'சரீரா'வில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் துருபத் என்ற இந்துஸ்தானி இசைக்கு மிக மெதுவாக அசைகிறார்கள். இத்தகைய ஆட்டங்களில் பார்க்க வேண்டியவை வேறு. வகுப்பில் ஆசிரியர் தட்டும் தட்டுக்கழியின் தாளத்துக்குள் அடங்கிவிடும் அரைமண்டியை, அதாவது முழங்கால்களை விரித்து மடக்கிய நிலையை, இசையே இல்லாமல் ஒருவர் நிமிடக்கணக்கில் தாங்கி நிற்கும்போது, தொடைத் தசை மெல்ல நடுங்கத் தொடங்குகிறது. குதிகால் தரையைத் தேடுகிறது. முகம் மட்டும் அசையாமல் இருக்க முயல்கிறது. அந்த நடுக்கத்துக்கு அகராதியில் பொருள் தேட வேண்டியதில்லை, அதைக் கண்கொட்டாமல் பார்த்தாலே போதும்.

ஆடுகிறவர்களும் தவறுவதுண்டு. பெருநகரத்தைக் காட்ட ஹாரன் சத்தத்தையும் கைப்பேசி வெளிச்சத்தையும் சேர்த்துவிட்டால் நகரம் வந்துவிடாது. நெரிசலான பேருந்தில் நின்று பழகிய தோள் எப்படி ஒடுங்குகிறது என்பதில் அது தானாக வரும். இதைவிட வருத்தமானது, வேர்களைக் காட்டுவதாகச் சொல்லித் தெருக்கூத்திலிருந்து ஒரு சுழற்சியையும் பறையிலிருந்து ஓர் அடியையும் எடுத்து ஒட்டவைப்பது. கூத்துக்காரரின் சுழற்சி, கிரீடத்தையும் தோளில் கட்டும் புஜக்கட்டையையும் தாங்கிக்கொண்டு விடிய விடிய ஆடுகிற உடம்பில் உருவானது. அந்தப் பாரத்தை ஒருநாளும் சுமக்காதவர் ஆடினால் வெறும் சுற்றல்தான் மிஞ்சும். வீணாபாணி சாவ்லா தொடங்கி, 1993இல் புதுச்சேரிப் பக்கம் வந்து சேர்ந்த ஆதிசக்தி நாடகக் குழு, களரியையும், கேரளத்தின் சமஸ்கிருத நாடக மரபான கூடியாட்டத்தின் மூச்சு முறையையும் நடிகர்களின் பயிற்சிக்குள்ளேயே கொண்டுவந்தது. கடன் வாங்குவதற்கு அதுவே மரியாதையான வழி. கூத்து வாத்தியாரிடம் மாதக்கணக்கில் உட்கார்ந்து கற்பது, அவருக்கு உரிய ஊதியம் கொடுப்பது, அழைப்பிதழில் அவர் பெயரை நடன அமைப்பாளரின் பெயரளவுக்கே அச்சிடுவது ஆகிய மூன்றையும் செய்யாதவர், அந்த மக்களின் அடையாளத்தைப் பற்றி ஆடுவதாகச் சொல்லிக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்து கலைஞர்களோடு உரையாடல் இருந்தால், கடைசிப் பேருந்துக்கு நேரமிருக்கும்வரை எழுந்துவிடாதீர்கள். அப்போதும் "இதற்கு என்ன அர்த்தம்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த அடவை, அதாவது ஆட்ட அசைவை, யாரிடம் கற்றார்கள், எத்தனை நாள் கற்றார்கள், கற்றுக்கொடுத்தவர் இன்று பார்க்க வந்திருக்கிறாரா என்று கேளுங்கள்.