டோர்னமெண்ட் போக்கரிலிருந்து கேஷ் கேமுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் போக்கரை ஊன்றிக் கற்றவர்களில் பலர் இணைய டோர்னமெண்டுகள் வழியாகவே இந்த ஆட்டத்துக்குள் வந்தார்கள். ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தபோதிலும், 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. பெரிய தளங்கள் அந்த மாதமே பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. இப்போது இங்கிருந்து கோவாவின் உரிமம் பெற்ற கேசினோக்களுக்குச் செல்பவர்கள், அங்கே டோர்னமெண்ட் இல்லாத வேளைகளில் சிப்பைப் பணமாகவே வைத்து ஆடும் கேஷ் கேம் மேசையில் அமர்கிறார்கள். டோர்னமெண்டில் கோப்பை வென்றவர்கள்கூட அந்த மேசையில் தொடர்ந்து இழப்பதற்குக் காரணம், அவர்கள் வேறோர் ஆட்டத்துக்குப் பொருத்தமான முடிவுகளை இங்கே எடுப்பதுதான்.

நுழைவுக் கட்டணம் கட்டிச் சேர்ந்து, கடைசிவரை நிற்பவர்கள் பரிசு பெறும் டோர்னமெண்டில் சிப்புக்கு (ஆட்ட வில்லைக்கு) நேரடியான பண மதிப்பு கிடையாது. கையிருப்பு இரண்டு மடங்கானால் பரிசு எதிர்பார்ப்பு இரண்டு மடங்காவதில்லை. எல்லாவற்றையும் இழந்தாலோ ஆட்டமே முடிந்துவிடுகிறது. ஐசிஎம் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் கணக்கு இதைத்தான் அளக்கிறது. பரிசு நிலைக்குச் சற்று முன்பு, ஓரளவு லாபமுள்ள ‘கால்’ (எதிராளி வைத்த தொகைக்கு ஈடாக வைப்பது) வாய்ப்பையும் விட்டுவிட்டு உயிரோடு இருப்பது அதன்படி சரியான முடிவு. கேஷ் கேமில் 500 ரூபாய் சிப் என்பது 500 ரூபாய்தான். பாட்டில், அதாவது நடுவே சேர்ந்த பந்தயத் தொகையில், 10,000 ரூபாய் இருக்கையில் எதிராளி கடைசி 5,000 ரூபாயையும் பெட் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் வெல்ல 25 சதவீத வாய்ப்பிருந்தால் முதலுக்கு மோசமில்லை. 30 சதவீதம் இருந்தால் அந்தக் காலின் சராசரி லாபம் 1,000 ரூபாய். உயிர் பிழைக்கும் பழக்கத்தால் அதை ஃபோல்ட் செய்பவர் (சீட்டைப் போட்டுவிட்டு விலகுபவர்) எதையும் காப்பாற்றவில்லை, அந்த 1,000 ரூபாயைக் கைவிடுகிறார். மறுபுறம், பரிசு நிலைக்குச் சற்று முந்தைய பபிள் நேரத்தில் பெரிய ஸ்டாக்கை (சிப் கையிருப்பை) வைத்துச் சிறிய ஸ்டாக்குகளை மிரட்டிப் பழகியவருக்கு இங்கே அந்த ஆயுதம் பலிக்காது. எதிரே இருப்பவருக்கு வெளியேற்றப்படும் பயம் இல்லை. தோற்றால் மறுபடி சிப் வாங்கிக்கொள்வார், ஆகவே துணிந்து கால் செய்வார்.

மிகுதியான பணம் கரைவது ஸ்டாக்கின் ஆழத்தைக் கவனிக்காமல் ஆடுவதால்தான் என்பது என் உறுதியான கருத்து. சீட்டு போடும் முன்பே ஒருவர் வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம்தான் பிக் பிளைண்ட், ஸ்டாக்கை அளக்கும் அலகும் அதுவே. டோர்னமெண்டின் பிற்பகுதியில் 20 பிக் பிளைண்ட் வைத்திருக்கும் ஒருவர் 2 பிக் பிளைண்டுக்கு ரேஸ் செய்கிறார் (தொகையை உயர்த்துகிறார்). பிக் பிளைண்டில் இருப்பவர் கால் செய்கிறார். அதில் பாதியான ஸ்மால் பிளைண்டும், ஆன்டி எனும் இன்னொரு கட்டாயப் பந்தயமும் சேர்ந்து பாட் 5.5 ஆகிறது, கையில் 18 மிஞ்சுகிறது. பாட் அளவுக்கு இரண்டு முறை பெட் செய்தாலே மொத்தமும் உள்ளே போய்விடும் என்பதால், ஃப்ளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில்) உயர்ந்த ஜோடி கிடைத்தவர் தயங்காமல் எல்லாவற்றையும் வைப்பது பெரும்பாலும் சரியே. இதையே 100 பிக் பிளைண்ட் ஸ்டாக்கோடு பார்ப்போம். பிளைண்ட் 50, 100 ரூபாய் உள்ள மேசையில் 300 ரூபாய்க்கு ரேஸ், பிக் பிளைண்டில் இருப்பவர் கால். பாட் 650, கையில் 9,700. ஃப்ளாப், அதன்பின் ஒவ்வொன்றாகத் திறக்கும் டர்ன், ரிவர் ஆகிய மூன்று சுற்றுகளிலும் பாட் முழுமைக்கும் பெட் செய்து, எதிராளி மூன்றையும் கால் செய்தாலும் 8,450 ரூபாய்தான் உள்ளே போகும். இவ்வளவையும் தாண்டி முழு ஸ்டாக்கையும் வைக்க ஒருவர் முன்வருகிறார் என்றால் அவரிடம் இருப்பது ஒற்றை ஜோடியாக இருப்பது அரிது. உயர்ந்த ஜோடி இங்கே நடுத்தரமான பாட்டுக்கு உரிய கை. அதை வைத்து 100 பிக் பிளைண்டை இழப்பதுதான் புதிதாக வருபவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் பிழை.

ஆழம் மாறும்போது தொடக்கச் சீட்டுகளின் தரவரிசையும் மாறுகிறது. 12 பிக் பிளைண்டில் ஆல்-இன் போக (மொத்தத்தையும் வைக்க) ஏஸும் ஒரு சிறிய சீட்டும் பல நேரங்களில் போதுமானவை. 100 பிக் பிளைண்டில் அதே சீட்டுகள் ஏஸ் ஜோடி கிடைக்கும் நாளிலேயே, ஏஸோடு பெரிய துணைச் சீட்டு வைத்திருப்பவரிடம் தோற்கும் ஜோடியாகி, சுற்றுக்குச் சுற்று பணத்தை இழுத்துச் செல்லும். 4-4, 5-5 போன்ற சிறு ஜோடிகள் ஃப்ளாப்பில் செட் (ஒரே எண் மூன்று) ஆவதற்கு ஏறத்தாழ 12 சதவீத வாய்ப்பே உண்டு. ஆனால் அமைந்துவிட்டால் எதிராளியின் முழு ஸ்டாக்கையும் வாங்கித் தரக்கூடிய ஆழம் கேஷ் கேமில் இருக்கிறது. ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் சீட்டுகளுக்கும் இது பொருந்தும்.

ஆன்டி இல்லாத மேசையில் ஆன்டி இருப்பதுபோலவே ஆடுவது அடுத்த தவறு. பிக் பிளைண்ட் ஆன்டி உள்ள டோர்னமெண்டில் சீட்டு போட்டவுடனேயே பாட்டில் 2.5 பிக் பிளைண்ட் கிடக்கிறது. 2 வைத்து அதைத் திருட முயன்றால் 45 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வெற்றி பெற்றாலே நட்டமில்லை. ஆன்டி இல்லாதபோது 1.5ஐப் பெற 3 வைக்கிறோம். மூன்றில் இரண்டு முறை அனைவரும் ஃபோல்ட் செய்தாக வேண்டும். பிக் பிளைண்டைக் காப்பதிலும் அப்படியே: முன்னதில் 1 கூடுதலாக வைக்க 18 சதவீத வெற்றி வாய்ப்பு போதும், பின்னதில் 2 வைக்க ஏறக்குறைய 31 சதவீதம் தேவை. இவற்றின்மேல் ரேக் எனும் மேசைக் கட்டணம் வேறு இருக்கிறது. டோர்னமெண்ட் கட்டணம் நுழையும்போதே முடிந்துவிடும். கேஷ் கேமில் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் குறிப்பிட்ட சதவீதத்தை ஓர் உச்சவரம்பு வரை எடுத்துக்கொள்கிறார்கள். ஃப்ளாப் வராத பாட்டுக்கு ரேக் இல்லை என்ற விதியுள்ள மேசையில், சுமாரான சீட்டுகளோடு கால் செய்து ஃப்ளாப் பார்ப்பதைவிட ரேஸ் செய்வதோ விட்டுவிடுவதோ மேல்.

பிளைண்ட் ஏறாத ஆட்டத்தில் அவசரத்துக்கு இடமில்லை. ஒரு மணி நேரம் நல்ல சீட்டே வராவிட்டாலும் கேஷ் கேமில் எதுவும் நெருக்கவில்லை. ஆனால் டோர்னமெண்டில் பழகிய கை ஏதாவது செய்யத் துடிக்கும். ஸ்டாக் 40 பிக் பிளைண்டாகக் குறைந்த பிறகும் அதைப் பொத்திப் பொத்திக் காப்பது இன்னொரு பழக்கம். எதிராளிகளைவிட நன்றாக ஆடுகிறோம் என்ற நம்பிக்கை இருந்தால் உடனே உச்ச அளவுக்கு நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்த நம்பிக்கை இல்லையென்றால் எழுந்துவிட வேண்டும். எழுந்து போகும் உரிமை டோர்னமெண்டில் இல்லை. ஆதலால் அதைப் பயன்படுத்தவே தெரியாமல், களைத்த நிலையிலும், தம்மைவிடத் தேர்ந்த ஐந்து பேர் சூழ்ந்த மேசையிலும் விடியும்வரை உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. விட்டதைப் பிடிக்க மறுபடி மறுபடி சிப் வாங்கத் தோன்றினால் அந்த இரவுக்கு ஆட்டம் முடிந்தது என்றே கொள்ள வேண்டும். வீட்டுச் செலவுக்கான பணம் அந்த மேசைக்கு வரவே கூடாது.

ஊருக்குள் வீட்டில் ஆடும் ஆட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888ஆம் ஆண்டினது. இடம் நடத்துபவரின் லாபத்துக்காகச் சூதாட்டக் கருவிகள் வைக்கப்பட்ட இடத்தை அது பொதுச் சூதாட்ட விடுதியாகக் கருதுகிறது. நண்பர் வீடு என்று அழைத்து, பாட்டில் ரேக் பிடிக்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.

கடைசியாக, முடிவுகளை அளப்பது. நேரடி மேசையில் மணிக்கு 25 முதல் 30 கைகளே (சீட்டுப் பங்கீடுகளே) ஆட முடியும். பத்தாயிரம் கைகளுக்கு முந்நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சீட்டாட்ட வெற்றிக்கு 30 சதவீத வருமான வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் அமர்வுக்கும் வாங்கிய சிப், எடுத்து வந்த தொகை, ஆடிய நேரம் ஆகியவற்றை எழுதி வைக்காமல், இரண்டு வார இறுதிகளின் லாபத்தை நம்பிப் பெரிய பிளைண்ட் மேசைக்கு ஏறுபவருக்குத் தாம் வெல்லும் ஆட்டக்காரரா இல்லையா என்பது அப்போது தெரிந்திருக்க வழியே இல்லை.