ஏ.பி. பாடங்களை எண்ணிப் பயனில்லை: ஹைஸ்கூல் பாடத்தேர்வில் நாம் செய்யும் தவறுகள்

ஜனவரி பிற்பாதியில் தொடங்கி பிப்ரவரி முடிவதற்குள் அமெரிக்காவின் பல ஹைஸ்கூல்களில் அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வுப் படிவம் வந்துவிடும். அந்த வாரங்களில் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் பெற்றோரிடையே ஒரே பேச்சுதான். "உங்க பையன் எத்தனை ஏ.பி. எடுக்கிறான்?" ஐந்து என்று சொல்பவர் நிமிர்ந்து சொல்வார். இரண்டு என்று சொல்பவரின் குரல் இறங்கிவிடும். நானும் அப்படிக் குரல் இறங்கி நின்றவள். மூத்த மகளுக்கு அந்தப் படிவத்தை நிரப்பியபோது நான் செய்த பிழைகளை இளையவனுக்கு நிரப்பும்போதுதான் உணர்ந்தேன். இப்போது முதல்முறை இந்தப் படிவத்தைக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஏ.பி. (AP, அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் திட்டம். 1955 முதல் நடக்கிறது. கல்லூரி முதலாண்டுத் தரத்தில் ஒரு பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, மே மாதம் நாடு முழுவதற்குமான பொதுத் தேர்வை எழுதுவார்கள். மதிப்பெண் 1 முதல் 5 வரை. ஆனர்ஸ் என்ற பெயரில் வரும் பாடங்கள் வேறு. அவற்றைப் பள்ளியோ பள்ளி மாவட்டமோ தானே வகுத்துக்கொள்ளும், பொதுத் தேர்வு கிடையாது.

நம்மில் பலர் பதினொன்றாம் வகுப்பில் ஒரே ஒருமுறை முடிவெடுத்து வளர்ந்தவர்கள். ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்ததா, இல்லையா? அதோடு பாடத்தேர்வு முடிந்தது. பிறகு பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். அந்தப் பழக்கத்தில், இங்கேயும் ஏ.பி. என்பது ஒரு பெரிய ஃபர்ஸ்ட் குரூப், அதில் எவ்வளவு அள்ளுகிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துவிடுகிறோம். இங்கே குரூப் இல்லை. நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு ஆறோ ஏழோ பாடங்கள், ஒவ்வொரு செமஸ்டரின் கிரேடும் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பதிவேட்டில் நின்றுவிடும். கடைசி ஒரு தேர்வில் எல்லாவற்றையும் ஈடுகட்டிவிட வழியில்லை.

எண்ணிக்கையை நம்புவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் வழியாக விண்ணப்பிக்கும்போது, பள்ளியில் வழிகாட்டும் ஆலோசகரான கவுன்சிலர் தனியாக ஓர் அறிக்கை அனுப்புவார். கல்லூரிக்குத் தயாராகும் அதே பள்ளி மாணவர்களோடு ஒப்பிட்டால் இந்தப் பிள்ளை எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை என்ற கேள்வி அதில் இருக்கிறது. கவனியுங்கள், அதே பள்ளி. உங்கள் பள்ளியில் எட்டு ஏ.பி. பாடங்களே இருந்தால், இருபத்தைந்து பாடங்கள் நடத்தும் பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளையோடு உங்கள் பிள்ளையை யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் வேறொரு மாவட்டத்துக்காரர் போடும் பட்டியலைப் பார்த்துப் பதறுவது வீண். பதினொன்றாம் வகுப்புக்குள் பத்து ஏ.பி. முடித்தும் கிரேடு சரிந்த பிள்ளைகளையும், ஐந்தை நன்றாக முடித்துத் தெளிவாக நிற்கும் பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

கணித ஏணியில் அவசரம்

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இது. நான் செய்ததும் இதுதான்.

இங்கே கணிதம் ஓர் ஏணி. ஆல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, ஆல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், அதன் பிறகு கால்குலஸ். ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பில் ஆல்ஜீப்ரா 1 எடுக்கும் பிள்ளை பதினொன்றிலோ பன்னிரண்டிலோ கால்குலஸுக்கு வந்துவிடும். அதுவே வேகமான பாதை. நமக்கு அது போதவில்லை. கோடை விடுமுறையில் ஆறு வாரம் ஆன்லைனில் ஜியாமெட்ரியை முடித்து ஒரு படியைத் தாண்டிவிடலாம் என்று பார்க்கிறோம். என் மகள் அப்படித்தான் தாண்டினாள். கிரேடு ஏ. ஆனால் ஒரு முழு ஆண்டு அமர்ந்து நிறுவல்களை எழுதிப் பழகவேண்டிய பாடத்தை ஆறு வாரத்தில் விழுங்கியதன் விலை ப்ரீகால்குலஸில் முக்கோணவியல் வந்தபோது தெரிந்தது. விடை எழுதத் தெரிந்தது, ஏன் அந்த விடை என்று சொல்லத் தெரியவில்லை. அந்த ஆண்டு முழுவதும் இரவுகளில் அவளோடு உட்கார்ந்து பழைய பாடத்தைத்தான் படித்தேன்.

அவசரத்தின் மறுமுனையில் இன்னொரு சிக்கல். பத்தாம் வகுப்பிலேயே ஏ.பி. கால்குலஸின் பெரிய பாடமான BC-யை முடித்துவிட்டால் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் எதைப் படிப்பது? பல பள்ளிகளில் அதற்கு மேல் பாடமே இல்லை. உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜுக்கு மாலையில் காரில் கொண்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஓராண்டு கணிதமே இல்லாத இடைவெளி விழும். பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையின் டிரான்ஸ்கிரிப்டில் அந்த இடைவெளி கண்ணில் படும். ஒரு படி தாண்டுவதற்கு முன், ஏணியின் உச்சியில் எத்தனை படிகள் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏ.பி. கால்குலஸில் AB, BC என்று இரண்டு பாடங்கள் இருப்பதால் வரும் குழப்பமும் உண்டு. BC என்பது AB-யின் அடுத்த பாகம் அல்ல. AB பாடத்தில் இருப்பதெல்லாம் BC-யிலும் இருக்கும், அதற்குமேல் தொடர்களும் துருவ ஆயங்களும் சேரும். BC தேர்வு எழுதினால் AB பகுதிக்குத் தனி மதிப்பெண்ணும் தருவார்கள். எனவே ஓராண்டு AB, மறு ஆண்டு BC என்று எடுப்பது சில பள்ளிகளில் கட்டாயம், சில பள்ளிகளில் தேவையற்றது. உங்கள் பள்ளியின் பாடப்பட்டியலைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பெயர் ஒன்றுபோல, பாடம் வேறு

இயற்பியலில் ஏ.பி. பிசிக்ஸ் 1, 2 இரண்டும் ஆல்ஜீப்ரா அடிப்படையிலானவை. பிசிக்ஸ் சி கால்குலஸோடு வருவது. அதிலும் இயந்திரவியல் ஒரு தேர்வு, மின்னியலும் காந்தவியலும் இன்னொரு தேர்வு. பொறியியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்குப் பிசிக்ஸ் சி-தான் உதவும். ஆனால் கால்குலஸ் எடுக்காமலோ, குறைந்தபட்சம் கூடவே எடுக்காமலோ அதில் அமர்ந்தால் தத்தளிக்கும். கணினியிலும் இப்படியே. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரின்சிபிள்ஸ் ஓர் அறிமுகம். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ ஜாவாவில் நிரல் எழுதும் பாடம். முதலாவதை எடுத்துவிட்டுக் கணினி முடிந்தது என்று நிம்மதியடையும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன்.

ஜி.பி.ஏ. புள்ளிகளைத் துரத்துவது

ஜி.பி.ஏ. என்பது எல்லாக் கிரேடுகளின் சராசரிப் புள்ளி. ஏ.பி.-க்குக் கூடுதல் புள்ளி தரும் பள்ளிகளில் சாதாரணப் பாடத்து ஏ 4 என்றால் ஏ.பி. பாடத்து ஏ 5 ஆகும். இந்தக் கணக்கை வைத்தே பாடம் எடுப்பவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களுக்கு விண்ணப்பித்தால் அவர்கள் தங்கள் கணக்கில் ஜி.பி.ஏ.-வை மறுபடி போடுவார்கள். பத்தாம், பதினொன்றாம் வகுப்புக் கிரேடுகளே அதில் சேரும். கூடுதல் புள்ளி அதிகபட்சம் 8 செமஸ்டர்களுக்கு, அதாவது நான்கு முழு ஆண்டுப் பாடங்களுக்கு. அவற்றிலும் பத்தாம் வகுப்பிலிருந்து 4 செமஸ்டர்களுக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை தூக்கம் கெட்டு எடுத்த ஏ.பி. ஹியூமன் ஜியாகிரஃபி அங்கே ஒரு புள்ளியும் கூட்டாது. அது வீண் பாடம் என்று சொல்லவில்லை. எழுதப் பழக நல்ல பாடம். புள்ளிக்காக எடுத்தால் ஏமாற்றம்.

டெக்சாஸில் கதை வேறு. 1997-இல் வந்த சட்டப்படி வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டின் வளாகம் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே 6 சதவீதமாக இருந்த வரம்பு 2026 இலையுதிர் பருவச் சேர்க்கையிலிருந்து 5 ஆகிவிட்டது. அதனால் டாலஸ் புறநகர்களில் தரவரிசைப் போட்டி கடுமை. வயலினை விரும்பி வாசிக்கும் பிள்ளையை, ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கூடுதல் புள்ளி இல்லை என்று அதிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். அப்படி ஒரு வரிசை எண் முன்னேறி இடம் கிடைத்தாலும், அது பல்கலைக்கழகத்தில் இடம்தானே தவிர கம்ப்யூட்டர் சயின்ஸோ பொறியியலோ கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இதைப் பன்னிரண்டாம் வகுப்பில் தெரிந்துகொண்டு உடைந்துபோன வீடுகள் உண்டு. பிள்ளையிடமிருந்து வயலினைப் பிடுங்குவதற்கு முன் இதை யோசியுங்கள், தயவுசெய்து.

கல்லூரிச் செலவு குறையும் என்ற கணக்கு

குறையலாம். டெக்சாஸ், இல்லினாய் போன்ற மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் 3 மதிப்பெண்ணுக்கே கிரெடிட் (கல்லூரிப் பாடத்தை முடித்ததாகக் கணக்கு) தரச் சட்டம் இருக்கிறது. எம்.ஐ.டி.-யிலோ கால்குலஸ் BC-யில் 5 வாங்கினால்தான் முதல் கால்குலஸ் பாடத்துக்கு விலக்கு. கால்டெக் ஏ.பி.-க்குக் கிரெடிட்டே தருவதில்லை. டார்ட்மத் பட்டத்துக்கான கிரெடிட்டாக எண்ணாமல், எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்பதற்கு மட்டும் பயன்படுத்துகிறது. "பத்து ஏ.பி. எடுத்தால் ஓராண்டு ஃபீஸ் மிச்சம்" என்பது எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்தது. காலேஜ் போர்டு தளத்தில் கல்லூரி வாரியாகத் தேடிப் பார்க்கலாம்.

ஹைஸ்கூலில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் படிக்கும் டூயல் என்ரோல்மென்ட் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது உண்மையான கல்லூரிப் பாடம், கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் ஏறும், பிறகு போகாது. பதினாறு வயதில் ஒரு செமஸ்டர் அலட்சியமாக இருந்து வாங்கிய சி, அதே பிள்ளை இருபத்தொரு வயதில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது கூடவே வரும். ஹைஸ்கூலில் இருந்தபோது எடுத்த கல்லூரிப் பாடங்களையும் அந்த விண்ணப்பத்தில் காட்டியாக வேண்டும். ஏ.பி.-யில் 2 வந்தால் பெரும்பாலான இடங்களில் அந்த மதிப்பெண்ணைச் சொல்லாமல் விட்டுவிடலாம். டூயல் என்ரோல்மென்ட்டில் அந்த வசதி இல்லை.

மொழியைப் பாதியில் விடுவது

ஸ்பானிஷ் இரண்டு ஆண்டு முடிந்ததும் அந்த இடத்தில் இன்னொரு ஏ.பி. அறிவியலை நுழைப்பது வழக்கமாகிவிட்டது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் மொழியில் இரண்டு ஆண்டு கட்டாயம், மூன்று நல்லது என்கிறது. பிற கல்லூரிகளிலும் மூன்று, நான்கு ஆண்டு எதிர்பார்க்கும் இடங்கள் இருக்கின்றன.

இங்கே நம் கையிலேயே ஒன்று இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழுக்குச் சில பள்ளி மாவட்டங்கள் அயல்மொழிக் கிரெடிட் தருகின்றன. இரண்டு மொழிகளில் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தரும் அங்கீகாரமாகக் கலிபோர்னியா 2011-இல் சட்டமாக்கித் தொடங்கிய இருமொழி முத்திரை இப்போது பல மாநிலங்களில் உண்டு. அவான்ட் நிறுவனத்தின் ஸ்டாம்ப் என்ற மொழித்திறன் தேர்வைத் தமிழில் எழுதி அதைப் பெறுகிறார்கள். ஆனால் மாவட்டத்துக்கு மாவட்டம் விதி மாறும். பன்னிரண்டாம் வகுப்பில் போய்க் கேட்டால் காலம் கடந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

படிவத்தின் கடைசிப் பகுதி

மாற்றுப் பாடங்கள் என்று இரண்டு மூன்று வரி இருக்கும். பெரும்பாலோர் காலியாக விடுவார்கள். ஒரு ஏ.பி. பாடம் பள்ளியில் ஒரே ஒரு பிரிவாக மட்டும் நடக்கலாம்; அது உங்கள் பிள்ளையின் இன்னொரு பாடத்தோடு அதே நேரத்தில் மோதினால் கணினி மாற்றுப் பாடத்தைத்தான் எடுக்கும். அங்கே ஒன்றுமில்லையென்றால் இடமிருக்கும் ஏதோ ஒரு வகுப்பில் போட்டுவிடுவார்கள். எங்கள் மகள் அப்படித்தான் ஓராண்டு விருப்பமே இல்லாத ஒரு வகுப்பில் உட்கார்ந்தாள். அந்த வரிகளையும் முதல் வரிகளைப் போலவே யோசித்து நிரப்புங்கள்.

பாடத்தை விட்டு விலகக் கடைசி நாள் எது, அதற்குப் பின் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் என்ன எழுதுவார்கள் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மே மாதத் தேர்வுக்குப் பதிவு முந்தைய நவம்பரிலேயே முடிந்துவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இடம் கிடைத்த பிறகு கடினமான பாடங்களைச் சத்தமில்லாமல் மாற்றுவதும் கூடாது. அரையாண்டுக் கிரேடுகளும் இறுதிக் கிரேடுகளும் கல்லூரிக்குப் போகும். அனுமதியைத் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு.

இளையவனுக்கு நாங்கள் செய்தது இதுதான். படிவத்துக்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் அவனுடைய ஒரு வாரத்தை எழுதினோம். பள்ளி, பேருந்து, நீச்சல், தமிழ்ப் பள்ளி, சாப்பாடு, எட்டு மணி நேரத் தூக்கம். மிச்சமிருந்த மணி நேரத்தை ஒவ்வொரு பாடத்துக்கும் பிரித்தோம். ஏ.பி. அமெரிக்க வரலாற்றுக்கு இரவில் எத்தனை பக்கம் படிக்கவேண்டியிருக்கும் என்று அந்த வகுப்பை முடித்த இரண்டு பிள்ளைகளிடம் அவனையே கேட்டு வரச் சொன்னேன். வந்து, மூன்று ஏ.பி. போதும், நான்காவதற்குப் பதில் மரவேலை வகுப்பு வேண்டும் என்றான். கையெழுத்துப் போட்டேன்.